இருங்காட்டுக்கோட்டையில் ஒரு செவலை நாய்!

"மிதிங்க தம்பி... நீங்க பண்றது தடவிக் கொடுக்கறது. பிரேக்கை மிதிங்க!"

காதுக்குப் பக்கத்தில் கோச் கத்துகிறார். எதிரே ரெண்டு ஆரஞ்சு கலர் கூம்புகள் விறுவிறுவென்று பெரிசாகிக்கொண்டே வருகின்றன. ஸ்பீடாமீட்டரில் 60. ஹெல்மெட்டுக்குள் என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்கிறது. பிளஸ் டூ ரிசல்ட் அன்னிக்குக்கூட இப்படி மூச்சு வாங்கினதில்லை பாஸ்! வலது காலை மொத்தமாக அழுத்தினேன். கார் மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு 'கிறீச்' என்று அலறியது. ஒரு கூம்பை உருட்டிவிட்டு, அடுத்ததைத் தாண்டிப் போய் நின்றது.

"பரவால்ல. அந்தக் கூம்பு உங்க வீட்டு ஆள் இல்லை. மறுபடி போலாம்" என்றார் கோச்.

அவர் ஜாலியாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. அதுக்கு ஒரு ஃபிளாஷ்பேக் இருக்கு.

போன நவம்பர். வண்டலூர் - கேளம்பாக்கம் ரோட்டில் ராத்திரி ஒன்பது மணிக்குச் செம மழை. அப்பாவோட பழைய ஸ்விஃப்ட்டில் நானும் தங்கச்சியும். ஒரு வளைவில் கார் சுற்றி, ரோட்டை விட்டு இறங்கி, ஒரு பனை மரத்தில் போய் இடித்தது. தங்கச்சிக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. செமஸ்டர் பரீட்சையை வேற ஒரு பொண்ணை வெச்சு எழுதினாள். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்தது.

"என்னடா ஆச்சு?" என்று ஆஸ்பத்திரியில் அப்பா கேட்டார். "நாய் குறுக்கே வந்துடுச்சுப்பா." சட்டென்று வாயில் வந்தது அதுதான். அப்பா தங்கச்சியைப் பார்த்தார். கையில் கட்டோடு படுத்திருந்தவள் ஒரு விநாடி என்னைப் பார்த்துவிட்டு, "ஆமாப்பா... செவலை நாய்" என்றாள்.

நாயே கிடையாது. அவள் அதுக்கு கலர் வேற கொடுத்துட்டாள்!

அதுக்கப்புறம் அந்தச் செவலை நாய் எங்க வீட்டில் வளர ஆரம்பிச்சுடுச்சு. "பைரவர் வாகனத்தைக் காப்பாத்தின புள்ளைங்க" என்று தேய்பிறை அஷ்டமிக்கு அஷ்டமி கோயிலில் வடை மாலை சாத்தினாங்க அம்மா. அப்பா ஒரு வார்த்தை திட்டலை. நான் எட்டு மாசமா ஸ்டீயரிங்கைத் தொடாததைப் பார்த்துட்டு, அவரே விசாரித்து, அவரே பணம் கட்டி, "ரேஸ் டிராக்குல ஒருநாள் கிளாஸ் எடுக்கறாங்களாம். திடீர்னு நாய் வந்தா எப்படி பிரேக் போடறதுன்னு சொல்லித் தருவாங்க. போயிட்டு வா" என்று கார் சாவியை நீட்டினார்.

சொல்லுங்க, எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அந்தச் சாவியை வாங்கறது?

ஜூலை மாச ஞாயிற்றுக்கிழமை. காலை அஞ்சரைக்குக் கிளம்பினோம். கூட வந்தது என் கிளாஸ்மேட் கோயம்புத்தூர்க்காரன். ஒரு கார், ரெண்டு டிரைவர் என்று பேர் கொடுத்திருந்தோம். போகும்போது அவன்தான் ஓட்டினான். 400 அடி ரோட்டைப் பிடித்து நசரத்பேட்டை, அங்கிருந்து பெங்களூரு ஹைவே. செம்பரம்பாக்கம் தாண்டினதும் காற்றின் வாசனையே மாறுது. ஏரி ஈரம் போய் டீசல் வாடை. கம்பெனி பஸ்கள், புத்தம் புதுக் கார்களை ரெண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு போகும் நீள நீள டிரெய்லர்கள். 1998-லிருந்து ஹூண்டாய் கார் பிறக்கிற ஊர் இது. பிறந்த கார்களைப் பயமில்லாமல் விரட்டிப் பார்க்கிற இடமும் பக்கத்திலேயே இருக்கிறது என்பது ஹைவேயில் போகிற பாதிப் பேருக்குத் தெரியாது. சின்ன ரோட்டில் திரும்பி உள்ளே போனால், முள்ளுச் செடியும் வேப்ப மரமுமாகப் பொட்டல் வெளி. அதுக்கு நடுவே கறுப்பு நாடாவைச் சுருட்டிப் போட்ட மாதிரி 3.7 கிலோமீட்டர் ரோடு. 12 திருப்பங்கள். ஒரு ஸ்பீடு பிரேக்கர் கிடையாது, ஒரு ஷேர் ஆட்டோ கிடையாது!

எங்க பெரியப்பா மாதிரி ஆட்களுக்கு ரேஸ் என்றால் சோழவரம்தான். ரெண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுபாதையில் வைக்கோல் கட்டு அடுக்கி கார் ஓட்டின கதையை, தீபாவளிக்குத் தீபாவளி தவறாமல் சொல்லுவார். அந்தப் போட்டிகளை நடத்தின மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் ஆரம்பித்தது. அவங்களே சொந்தமாக நிலம் பார்த்து, 1990-ல் திறந்ததுதான் இந்த இருங்காட்டுக்கோட்டை டிராக். இப்போ மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர் பெரிசாயிடுச்சு. ஃபார்முலா ஒன் வரைக்கும் போன நரேன் கார்த்திகேயன், கருண் சந்தோக் ரெண்டு பேரும் சின்ன வயசில் டயர் தேய்த்த தார் இதுதான்.

"நரேன் எங்க ஊருங்க. 2005-லயே ஃபார்முலா ஒன் ஓட்டியாச்சு" என்று நம்மாள் காலரைத் தூக்கினான். விட்டால், மாருதி 800 இன்ஜினை வெச்சு ரேஸ் கார் உண்டாக்கின கரிவரதன், அவர் பேரில் செட்டிபாளையத்தில் 2003-ல் வந்த டிராக் என்று மொத்த கோயம்புத்தூரையும் இறக்கிடுவான். டீ வாங்கிக் கொடுத்து வாயை அடைத்தேன்.

எங்க பேட்ச்சில் பதினெட்டு பேர். பாதிப் பேர் அஜித் புண்ணியத்தில் வந்தவங்க. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அவர் டீம் அவங்க கிளாஸில் மூணாவதாக வந்ததிலிருந்து கார் ரேஸ் நம்ம ஊர் டீக்கடை வரைக்கும் வந்தாச்சே! இன்னும் சிலர் 2024-ல் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி நடந்த ஃபார்முலா 4 ரேஸைப் பார்த்துட்டு வந்தவங்க. ஐம்பது வயசு தாண்டின ஒரு பேங்க் மேடமும் வந்திருந்தாங்க. சுடிதார் பேன்ட், கேன்வாஸ் ஷூ, சின்ன ஆட்டோமேட்டிக் கார். பசங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சுக்கிட்டாங்க. இருங்க, அதுக்கு வர்றேன்.

முதலில் கையெழுத்து. 'ஏதாவது ஆனால் நானே பொறுப்பு' என்று ரெண்டு பக்கத்துக்கு ஒரு பேப்பர். நீங்க போறதா இருந்தா ஒரு விஷயம் கேட்டுக்கோங்க. நம்ம சாதாரண கார் இன்ஷூரன்ஸ், ரேஸ் மாதிரி சமாச்சாரங்களுக்குச் செல்லாது. டிராக்கில் இடித்தால் செலவு நம்ம தலையில். பிட் பக்கத்தில் ஆம்புலன்ஸ் தயாராக நிற்கிறது. அது வராமல் கார்களை உள்ளே விட மாட்டோம் என்றார் கோச். யாரும் ஜோக் அடிக்கலை. 2023-ல் மட்டும் இதே டிராக்கில் நடந்த போட்டிகளில் ரெண்டு பேர் இறந்துபோயிருக்காங்க. ஒருத்தர் 59 வயசு அனுபவஸ்தர். இன்னொருத்தன் பைக் ஓட்டின 13 வயசுப் பையன்.

அப்புறம் காரைக் காலி பண்ணச் சொன்னாங்க. தண்ணி பாட்டில், குடை, காலடி மேட், டேஷ்போர்டு பிள்ளையார் எல்லாம் வெளியே. பிரேக் பெடலுக்கு அடியில் உருண்டு போகிற ஒரு பாட்டில் போதுமாம், கதை முடிய. சீட்டை முன்னால் இழுத்து, முதுகு ஒட்டி உட்கார்ந்தபடி கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங் உச்சியில் படணும். நான் இத்தனை நாளாகப் பரோட்டா மாஸ்டர் மாதிரி எட்டி நின்று ஓட்டியிருக்கேன்!

கோச்சுக்கு நாற்பது வயசிருக்கும். ஒல்லி உடம்பு, வெயிலில் கறுத்த முகம். போர்டு, பவர்பாயின்ட் எதுவும் இல்லை. காரின் முன் டயர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தார்.

"ஒரு டயர் ரோட்டைத் தொடற இடம் இவ்வளவுதான். நாலு உள்ளங்கை. அதுமேல ஏறக்குறைய ஒரு டன் வண்டி. மாநகர பஸ்ல நின்னுக்கிட்டுப் போயிருக்கீங்கல்ல? டிரைவர் பிரேக் போட்டா மொத்தக் கும்பலும் முன்னாடி சாயும். காரும் அதேதான். பிரேக் போட்டா எடை முன்சக்கரத்துக்கு வரும், பின்பக்கம் லேசாயிடும். வளைவுல இருக்கும்போது அப்படி ஆச்சுன்னா, பின்னாடி இருக்கறவன் முன்னாடி வரப் பார்ப்பான்."

அப்புறம் பாக்கெட்டிலிருந்து ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்தார். "டயர்கிட்ட இருக்கறது இவ்வளவுதான். பிரேக்குக்கு நூறையும் செலவு பண்ணிட்டா, திரும்பறதுக்குக் கையில காசு இல்லை. பிரேக்குக்கு எழுபதுன்னா, கொஞ்சம் திரும்பலாம். மழை பேய்ஞ்சா கையில இருக்கற நூறு அறுபதாயிடும். அது தெரியாம நீங்க நூறுக்குச் செலவு பண்ணுவீங்க."

மெக்கானிக்கல் மூணாவது வருஷம் நான். உராய்வு விசைக்கு மூணு பக்கம் கணக்குப் போட்டு மார்க் வாங்கினவன். அந்த நூறு ரூபாய் நோட்டைப் பார்த்த அன்னிக்குத்தான் அந்த மூணு பக்கமும் புரிஞ்சது.

இன்னொண்ணும் சொன்னார். வேகம் கொஞ்சம் ஏறினாலும் நிற்கிற தூரம் எக்கச்சக்கமாக ஏறும். காய்ந்த ரோட்டில் 60-லிருந்து நிற்க 18 மீட்டர் ஆனால், 80-லிருந்து நிற்க 32 மீட்டர் வேணும். இது பிரேக் பிடித்த பிறகு. 'ஐயோ' என்று மூளைக்கு உறைத்துக் கால் நகர ஒரு விநாடி ஆனால், அதுக்குள்ளேயே 80-ல் கார் 22 மீட்டர் போயிருக்கும்.

"திடீர்னு நாய் வந்தா சார்?" என்று ஒருத்தன் கேட்டான். என் வயிறு ஒரு புரட்டு புரட்டியது.

கோச் சிரித்தார். "நாய் எங்க வேணா வரும் தம்பி. 2011-ல டெல்லி பக்கம் புத் சர்க்யூட்ல ஃபார்முலா ஒன் நடந்துச்சுல்ல... முதல் பிராக்டீஸ்லயே நாய் டிராக்குக்குள்ள வந்து செங்கொடி காட்டி நிறுத்தினாங்க. நாயைக் குத்தம் சொல்ல முடியாது. நின்னுடற வேகத்துல நீங்க வந்தீங்களாங்கறதுதான் கேள்வி."

எல்லாரும் சிரித்தார்கள். நான் ஷூ லேஸைக் கட்டுவது மாதிரி குனிந்துகொண்டேன்.

நேர்கோட்டு பிரேக்கில் நாலு தடவை கூம்பு உருட்டி, அஞ்சாவது தடவை நிற்கக் கற்றுக்கொண்டேன். என் காரில் ஏபிஎஸ் கிடையாது. 2019-க்கு அப்புறம் வாங்கின கார் என்றால் கவலை இல்லை, கட்டாயம் இருக்கும். எங்களுது பழசு. பேனிக் ஆகி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கும். பூட்டின சக்கரம் வழுக்கும். கிறீச் என்று கேட்டால் கொஞ்சமே கொஞ்சம் காலை விடணும். முழுக்க எடுத்துடக் கூடாது. எலுமிச்சம்பழத்தைக் கொட்டை நசுங்காமல் பிழிகிற மாதிரி ஒரு பக்குவம் அது.

அடுத்துதான் வட்டம்.

தார்த் திடலில் டேங்கர் லாரி தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போனது. நடுவில் கூம்புகளை வட்டமாக அடுக்கியிருந்தார்கள். அதைச் சுற்றிச் சுற்றி ஓட்டணும். 25, 30, 35... ஒரு கட்டத்தில் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் கேட்காமல் வெளிப்பக்கமாகவே போனது. "இன்னும் திருப்பாதீங்க, பிரயோஜனமில்லை. ஆக்ஸிலரேட்டரை மெதுவா விடுங்க. ஆங்... பார்த்தீங்களா? தானா உள்ளே வருது" என்றார் கோச். வந்தது. மந்திரம் போட்ட மாதிரி!

ரெண்டு சுற்று போனதும், "இப்போ நான் சொல்றதைச் செய்ங்க. கேள்வி கேட்காதீங்க" என்றார். "முழு பிரேக்!"

மிதித்தேன். சக்கரம் பூட்டியது. ஸ்டீயரிங் வலது பக்கம் முக்கால் சுற்றில் இருக்க, கார் அதுபாட்டுக்கு நேரே வழுக்கிக்கொண்டு போனது. கையில் ஸ்டீயரிங் செத்துப்போயிருந்தது. அந்தச் செத்த கனம்... எனக்கு அது ஏற்கெனவே தெரியும்.

"பிரேக்கை விடுங்க!"

விட்டேன். முன்சக்கரம் சட்டென்று தரையைக் கவ்வியது. திரும்பியே இருந்த சக்கரம் காரை ஒரே வெட்டாக உள்ளே இழுக்க, பின்பக்கம் பறந்து வந்தது. வேப்ப மரம், டேங்கர் லாரி, கோயம்புத்தூர்க்காரன், மறுபடி வேப்ப மரம். கார் வந்த வழியைப் பார்த்து நின்றது. வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கோச் என்னைப் பார்த்தார். "பயந்துட்டீங்களா?"

"இல்ல சார். இது எனக்கு ஏற்கெனவே நடந்திருக்கு."

"எங்கே?"

"கேளம்பாக்கம் ரோட்டுல. மழையில."

"என்ன குறுக்கே வந்துச்சு?"

எட்டு மாசத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்விக்கு வேற பதில் சொன்னேன். "ஒண்ணும் வரலை சார். வளைவு வந்துச்சு. நான் 80-ல போயிட்டிருந்தேன்."

அவர் திட்டவும் இல்லை, தோளில் தட்டவும் இல்லை. "மோதற வரைக்கும் எதைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

யோசித்தேன். பனை மரத்தை. ஹெட்லைட் வெளிச்சத்தில் ஈரமாகப் பளபளத்த அந்தப் பனை மரத்தை மட்டும்தான் பார்த்தேன். அதுக்கு ரெண்டு பக்கமும் எவ்வளவு இடம் காலியாக இருந்தது என்று மறுநாள் அப்பா காட்டினபோதுதான் தெரிஞ்சது.

"கண்ணு போற இடத்துக்குத்தான் கை போகும். போக வேண்டிய இடத்தைப் பாருங்க, இடிக்கப் போற இடத்தைப் பார்க்காதீங்க. சரி, முதல் கியர் போடுங்க. இன்னொரு தடவை."

அன்னிக்கு அந்த வட்டத்தில் பதினோரு தடவை சுற்றினேன். கடைசி மூணு தடவை கார் பின்பக்கம் நழுவ ஆரம்பிக்கும்போதே கண்ணைத் தூக்கி, போக வேண்டிய இடத்தைப் பார்த்தேன். கை தானாக எதிர்ப்பக்கம் திரும்பிக் காரைப் பிடித்தது. கைக்கே ஒரு மூளை இருக்கு போல.

மத்தியானம் சாம்பார் சாதம், தயிர் சாதம் கட்டிவந்த பொட்டலம். கை நடுக்கத்தில் பாதி சட்டையில். சாப்பிட்டதும் முழு டிராக். கொடிகளைச் சொல்லிக் கொடுத்தாங்க. மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் எல்லாரும் வேகத்தைக் குறைத்துத் திரும்பணும். கட்டம் போட்ட கொடி என்றால் முடிஞ்சது. ஒவ்வொரு வளைவிலும் எங்கே பிரேக், எங்கே திரும்பறது, உள்ஓரத்தை எங்கே தொடறது என்று மூணு கூம்பு. வெளியே இருந்து உள்ளே, உள்ளே இருந்து வெளியே. வளைவுக்கு முன்னாடியே, கார் நேராக இருக்கும்போதே மொத்த பிரேக்கையும் முடிச்சுடணும். நூறு ரூபாய் கணக்கு!

கோயம்புத்தூர்க்காரன் முதலில் போனான். மூணாவது சுற்றில் அவனுக்குள் இருந்த நரேன் முழிச்சுக்கிட்டார். ஒரு வலது வளைவில் லேட்டாக பிரேக் பிடித்து, நேரே மண்ணுக்குள் இறங்கி, புழுதி மேகத்துக்குள் காணாமல் போனான். பிட்டிலிருந்து பார்த்த எனக்கு உயிர் போய் வந்தது. அப்பா கார் மச்சி அது! பம்பரில் ஒரு கொத்து கோரைப்புல்லைச் செருகிக்கொண்டு திரும்பி வந்தவன், "வழுக்கிடுச்சுங்க" என்றான். பயம் வந்தால் மட்டும் என்னையும் 'ங்க' போட்டுப் பேசுவான்.

அன்னிக்கு இருந்ததிலேயே அழகாக ஓட்டினது யார் தெரியுமா? பேங்க் மேடம்தான். டயர் ஒரு தடவை கத்தலை. ஒவ்வொரு சுற்றும் அதே இடத்தில் பிரேக், அதே இடத்தில் திருப்பம். காலையில் சிரிச்ச பசங்களில் ரெண்டு பேரை அவங்க தாண்டியும் போனாங்க. "முப்பது வருஷமா கவுன்டர்ல நோட்டு எண்ணின கை. பதட்டப்பட்டா எண்ணிக்கை தப்பிடும்" என்றார் சிரித்துக்கொண்டே.

என் முறை. ஆறு சுற்று. மெயின் ஸ்ட்ரெயிட்டில் 110 வரை போனேன். ஆனால், ஞாபகத்தில் நிற்கிறது அது இல்லை. நாலாவது சுற்றில் ஒரு வளைவு. கொஞ்சம் வேகமாகத்தான் வந்துட்டேன். கார் வெளிப்பக்கம் போக ஆரம்பித்தது. வலது கால் பிரேக்குக்குத் துடித்தது. மிதிக்கலை. ஆக்ஸிலரேட்டரைப் பொறுமையாக விட்டேன். ஓரத்து மண்ணைப் பார்க்காமல், வளைவு முடிகிற இடத்தைப் பார்த்தேன். கார் முனகிக்கொண்டே உள்ளே வந்தது. பக்கத்தில் கோச் ஒண்ணும் சொல்லலை. ஜன்னல் வழியாக எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் அவர் கொடுத்த மார்க் என்று எடுத்துக்கிட்டேன்.

கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆற விட்டு, பார்க்கிங்கில் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் நிறுத்தினோம். சூடான பிரேக்கில் ஹேண்ட்பிரேக் போட்டால் ஒட்டிக்குமாம். கார் முழுக்கக் கருகின வாசனை. திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். எட்டு மாசத்துக்கு அப்புறம் ஹைவேயில் 60-ல், இடது ஓரமாக, லாரிகள் ஹாரன் அடித்துத் தாண்டிப் போக!

வீட்டுக்கு வந்தபோது எட்டு மணி. அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தாங்க. அப்பா ஆர்வமாக, "என்னடா, நாய் வந்தா எப்படி பிரேக் போடறதுன்னு சொன்னாங்களா?" என்றார்.

தட்டில் சட்னியை வளைவாக இழுத்தேன். ஒரு தோசைத் துண்டைக் கார் மாதிரி வைத்தேன். "இங்கே 80-ல வந்தேன்ப்பா. இங்கே பயந்து முழு பிரேக் அடிச்சேன். சக்கரம் லாக் ஆச்சு. இங்கே பிரேக்கை விட்டேன். சுத்திடுச்சு."

அப்பா தட்டையே பார்த்தார். "நாய்?"

"நாய் இல்லப்பா."

எதிரே தங்கச்சி தோசையைப் பிய்த்த கை பாதியில் நின்றது. அதே வலது கை. "கலர் நான்தான்ப்பா சொன்னேன்" என்றாள் மெதுவாக.

அடுப்பில் தோசை தீய்கிற வாசனை வந்தது. அம்மா திருப்பிப் போடவே இல்லை.

"மழையில 80-ஆ?" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, "டயர் நாலும் தேஞ்சுபோச்சான்னு ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். சாவியைக் கேட்கவில்லை. வாசல் ஆணியில் அது எப்போதும் மாட்டுகிற இடத்திலேயே மாட்டினேன்.

அம்மா ரெண்டு நாள் என்னோடு பேசலை. மூணாவது வாரம் அஷ்டமி வந்தது. முதல் நாள் ராத்திரி தண்ணி குடிக்கப் போனால், மேடையில் வடைக்கு உளுந்து ஊறிக்கொண்டிருந்தது. இன்னமும் எதுக்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரலை.